கோம்பையைக் காவல் காத்த பத்து நாள்

சித்தார்த்தி வருஷம், ஆனி 30, சனி

அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் விட்ட ஸ்கைலாப் யந்திரம் தலைமேல் விழப்போகிறது என்று ஊரே ஒரு மாதமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷம் இது. அது எங்கோ தூரதேசத்தில் விழுந்துவிட்டதாக முந்தாநாள் ரேடியோவில் சொன்னார்கள். எப்படியும் சாகப்போகிறோம் என்று கிடாவை வெட்டித் தின்றவர்கள் இப்போது கிடாவுக்காக அழுகிறார்கள்.

பவர்லூம் முதலாளி கோதண்டபாணி கிடா வெட்டவில்லை. தன் தறிக்கொட்டகை மேல் அது விழாமல் இருந்தால் மொட்டை போடுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டார். விழவில்லை. நேற்று காலை மலைக்குப் போய் மொட்டை போட்டார். மீசையையும் எடுத்துவிட்டார். பொய்கையில் முழுகி, மண்டை முழுக்கச் சந்தனம் அப்பி, மஞ்சள் வேட்டி கட்டி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்தார். தினமும் செய்கிற வேலையை அன்றைக்கும் செய்தார். பின்வாசல் வழியாகப் போய், தறிக்கொட்டகை பக்கத்தில் சங்கிலியில் கிடக்கும் நாய் ஜாக்கிக்குச் சோற்றுத் தட்டை வைத்துத் தடவப் போனார். ஜாக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். அவர் கத்தினார். கத்தினதும் விட்டுவிட்டது. விட்டுவிட்டு மூலையில் ஒடுங்கி மூத்திரம் போய்விட்டது என்று அவர் மனைவி வரலட்சுமி சொன்னாள்.

ஜாக்கி கோம்பை ஜாதி. செம்பட்டை உடம்பு, கறுத்த மூஞ்சி. திண்டுக்கல் பக்கத்து நூல் வியாபாரி ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. மூன்று வருஷம் முதலாளி கையால்தான் தின்றது. அந்தக் கையையே கடித்துவிட்டது.

உடனே எனக்கு ஆள் அனுப்பினார்கள். "வீரபத்திரனைத் தடியோட வரச் சொல்லு." முப்பத்தொரு வருஷம் பஞ்சாயத்துக்கு நாய் அடித்தவன் நான். இந்தத் தாலுகா ஆந்திராவில் இருந்தபோதும் அடித்தேன், மெட்ராஸ் ராஜ்யத்தில் சேர்ந்த பிறகும் அடித்தேன். நாய்களுக்கு அது தெரியாது. வாலை அறுத்துக்கொண்டு போய் ஆபீசில் காட்ட வேண்டும். எந்த ஜாதி நாயின் வால் என்று எந்தக் குமாஸ்தாவும் கேட்டதில்லை.

போய்ப் பார்த்தேன். அடிக்க மாட்டேன் என்றேன். அடித்துவிட்டால் அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் துரைக்கண்ணு வந்து அதையே சொன்னார். பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் முதலாளிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியை நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த வீட்டில் வைத்தால் யாராவது அடித்துவிடுவார்கள் என்று என் வீட்டுக்குக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டியிருக்கிறேன்.

கம்பவுண்டர் ஒரு நோட்டையும் கொடுத்தார். "நாய் தெனம் இன்னா செய்துன்னு எழுதி வையுங்க பெரியவரே" என்றார். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் தேவகி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் கம்பவுண்டர் சிரிப்பார் என்று திருத்திக்கொள்கிறாள். என்னைத் திருத்தட்டும். நாயைத் திருத்தாமல் இருந்தால் சரி.

ஆனி 31, ஞாயிறு

சோறு தின்றது. தண்ணீர் குடித்தது.

தண்ணீரைக் கண்டு மிரண்டாலும், குரல் மாறினாலும், தாடை தொங்கினாலும் உடனே சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறார் கம்பவுண்டர். மூன்றும் இல்லை. தேவகி கிட்டே போகவில்லை. தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளுகிறாள்.

ஆனி 32, திங்கள்

பரந்தாமன் வந்தான். வரலட்சுமியின் தம்பி. அக்காள் வீட்டிலேயே இருந்து தறிக் கணக்குப் பார்க்கிறவன், முதலாளியைப் பாவா என்று கூப்பிடுகிறவன். கையில் மூங்கில் கழி.

"இன்னா பெரிசு, தடியோட வரச் சொன்னா தட்டோட உக்காந்துகினு இருக்கியா?"

"பத்து நாள் இருப்பா. நாயி உயிரோட இருந்தாதான் உங்க பாவாவுக்கு இன்னான்னு தெரியும்."

"இது கோம்பைய்யா! சிறுத்தைய எதுக்கிற ஜாதி. பாவா கையால துன்னுட்டு அந்தக் கையவே புடிச்சிச்சி பாத்தியா? அதோட ரத்தமே அப்டி. ஜாதி புத்தி எங்க போவும்? எங்க ரோஸியும் அதே ஊட்லதான் கீது. மடியில வெச்சிகினா பூனையாட்டம் தூங்கும்."

ரோஸி இவன் மூர் மார்க்கெட்டில் வாங்கி அக்காளுக்குக் கொடுத்த சடை நாய். வெள்ளை வெளேர் என்று பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். அந்த வீட்டு வாசலை மிதித்தால் முதலில் குரைப்பது அதுதான்.

"அடிக்கணும்னா பதினோராவது நாள் நானே அடிக்கிறேன். எனக்குக் கை மறக்கல" என்றேன்.

"சொன்ன பேச்சி மாறக் கூடாது."

"மாறல, போ."

கழியைச் சுழற்றிக்கொண்டு போனான். ஜாக்கி எழுந்திருக்கக்கூட இல்லை. கழியைப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

ஜாதி புத்தி. இந்தச் சொல்லை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அப்போது பேச்சு நாயைப் பற்றி இல்லை.

ஆடி 1, செவ்வாய்

ஆடி பிறந்தது. நாய் தின்றது, தூங்கியது. வேறு ஒன்றும் இல்லை. இதற்கா நோட்டைத் திறந்தேன் என்று தேவகி முறைக்கிறாள்.

ஆடி 2, புதன்

பரந்தாமன் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சில ஜாதி நாய் பிறவியிலேயே கடிநாயா? வேலையில் இருந்தபோது இப்படி யோசிக்க நேரமில்லை. இப்போது நேரம்தான் இருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினேன்.

கடி என்று பஞ்சாயத்துக்கு வந்து, நான் போய் நாயையும் ஆளையும் கண்ணால் பார்த்தவை நூற்றுப் பதினொன்று. தேவகி நம்பவில்லை. ஒவ்வொரு தெருவாகச் சொன்னேன். முப்பது வந்ததும் போதும் மாமா என்றாள்.

குட்டி போட்ட தாய் கடித்தது முப்பத்து நாலு. எப்போதும் கட்டிப்போட்டே வளர்த்தவை இருபத்தொன்பது. தின்னும்போது கையை நீட்டி வாங்கிக்கொண்டவர்கள் பதினெட்டுப் பேர். கல்லடி பட்ட நாய் திரும்பிக் கடித்தது பதினாறு. எட்டு எதனால் என்று எனக்கே புரியவில்லை, நாய்க்குத்தான் தெரியும். வெறி ஆறு.

இதில் ஜாதி நாய் எத்தனை? பதினேழு. இந்தப் பக்கத்தில் நூறு நாய் இருந்தால் ஐந்துகூட ஜாதி நாய் இருக்காது. அப்படிப் பார்த்தால் ஜாதி நாய் அதிகமாகவே கடித்திருக்கிறது. பரந்தாமன் சொல்வது சரியா? ஆனால் அந்தப் பதினேழில் பதினான்கு சங்கிலியில் கிடந்தவை. ஜாதி நாயை யாரும் அவிழ்த்துவிட்டு வளர்ப்பதில்லை. அது ரத்தமா, சங்கிலியா? மணவூர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் அல்சேஷன் வைத்திருந்தார். கன்றுக்குட்டி உயரம். பிளாட்பாரத்தில் சங்கிலி இல்லாமல் படுத்திருக்கும், கூடைக்காரிகள் அதைத் தாண்டிக்கொண்டு போவார்கள். அடுத்து வந்த மாஸ்டர் அதையே வாங்கிக் கொல்லையில் கட்டிப்போட்டார். மூன்றாம் மாதம் பால்காரரின் தொடை போயிற்று. நாய் அதே நாய்தான்.

வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாட்டு நாய் கடித்துவிட்டு ஓடும். கோம்பை பிடித்தால் பிடித்ததுதான். அறியாத ஆளைச் சந்தேகப்படுவதும் அதற்குக் கொஞ்சம் அதிகம். அது உண்மை.

வெறி ஆறு என்றேனே. கேட்மேன் தணிகாசலத்தைக் கடித்தது தெரு நாய், செத்தார். போஸ்ட்மேன் ராஜமாணிக்கத்தைக் கடித்தது வேட்டை நாய், பட்டணம் போய் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தார். பூக்காரி ஜெயம்மாளும் ஊசியால் பிழைத்தாள், இப்போதும் பூ விற்கிறாள். மாடு மேய்த்த சின்னப்பன் செத்தான். கண்டிகையில் டீக்கடை வைத்திருந்த ராஜகோபால் செத்தார். ஆறாவது பெயரை இன்றைக்குச் சொல்லவில்லை. தேவகிக்குத் தெரியும். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாய் தின்றது.

ஆடி 3, வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

என் வீடு பொய்கைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஆடிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. முழுகப் போகிறவர்கள் முடியோடு போகிறார்கள், திரும்பும்போது மொட்டையும் சந்தனமுமாக வருகிறார்கள். போகும்போது ஜாக்கி சும்மா கிடக்கிறது. வரும்போது எழுந்து நின்று உறுமுகிறது. முதல் நாளிலிருந்தே உறுமிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் கூட்டத்தைப் பார்த்து என்று நினைத்தேன். இன்று எண்ணிப் பார்த்தேன். உறுமியது அத்தனையும் மொட்டை. முடி உள்ளவர்களைப் பார்த்து ஒரு தடவைகூட இல்லை.

அதே நேரம் நகரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மரத்தடியில் உட்கார்ந்தது. மொட்டை போட்டு வந்த அப்பன் கைக்குழந்தையை வாங்கினான். குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது, வீறிட்டு அழுதது. அவன், "நைனாடா, நைனா" என்று பேசப் பேசத்தான் அடங்கிற்று.

தறிக்கொட்டகையில் கிடந்த நாய் மொட்டையை எங்கே பார்த்தது? மீசையில்லாத முகம், மஞ்சள் வேட்டி, பொய்கைத் தண்ணீர், சந்தன வாசனை. முதலாளியின் நூல் வாசனை ஒன்றும் மிச்சமில்லை. அவர் கத்தினதும் விட்டது என்றாளே வரலட்சுமி. குரல்!

அப்போதே எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். முதலாளி ஆறாவது ஊசி போட்டுக்கொண்டு வயிற்றில் வெந்நீர்த் துணியோடு கட்டிலில் கிடந்தார்.

"வலி போவட்டும் பெரியவரே. மூணு வருஷம் சோறு போட்ட கை இது. அதான் தாங்கல" என்றார்.

"அது உங்களக் கடிக்கல மொதலாளி. உங்க ஊட்டுக்குள்ள பூந்த ஒரு மொட்டையக் கடிச்சிச்சி."

விவரமாகச் சொன்னேன். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலித்தது. "ஸ்கைலாப்புக்குப் பயந்து மொட்ட போட்டா, ஊட்டு நாயே என்ன ஸ்கைலாப்புன்னு நெனச்சிக்கிச்சா!" என்றார்.

பரந்தாமன் ஒப்பவில்லை. "நல்ல ஜாதியா இருந்தா வாசன கண்டுபுடிக்காதா?" என்றான்.

மோர் குடித்துவிட்டு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. ரோஸிகூடக் குரைக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது.

ஆடி 4, வெள்ளி

காலையில் வரலட்சுமி வந்தாள். ஜாக்கிக்குத் தயிர்சோறு கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு முப்பது வயசு இருக்கும், குழந்தை இல்லை, இரண்டு நாய்தான். தட்டை வைக்கும்போது பார்த்தேன். வலது கைச் சுட்டுவிரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"இன்னாம்மா விரல்ல?"

"ஒண்ணும் இல்ல தாத்தா. ரோஸி பல்லு பட்டுடிச்சி."

"கடிச்சிச்சா?"

"அதுவா கடிக்கும்? கட்டில் அடியில பூந்துகினு வரமாட்டேன்னுது. இழுத்தேன், பல்லு பட்டுது. செவ்வாக்கெழம."

"வெளியில ஏன் வரல?"

"வெயில் ஆவல அதுக்கு. ரெண்டு நாளா பாலும் குடிக்கல. தொண்டையில சளி போல, கொரலே எழும்பல."

குரல் எழும்பவில்லை. நேற்று நான் போனேன், அது குரைக்கவில்லை. பார்த்தேன். பாத்துட்டு மோர் குடிச்சிட்டு வந்தேனே! ஊரு முழுக்க நாயிப் பத்திப் பேசறவன் — முப்பத்தொரு வருஷம் — கண்ணெதிரே கெடந்துதே. உன்கிட்டச் சொன்னேனே தேவகி, கொரைக்கலன்னு நீயே எழுதினியே. கோம்பைய வெச்சிகினு நாள் எண்ணினோம் எல்லாரும். அது சடை நாயிதானேன்னு நான்கூடப் பாக்கல. நான்கூட.

"ஊசி போடணும், வா" என்றேன்.

"இத்துனூண்டு நாயிக்கா? சும்மா இரு தாத்தா."

அப்போதுதான் ஆறாவது பெயரைச் சொன்னேன். தாயாரம்மாள். என் சம்சாரம். தாலுகாவை மெட்ராசோடு சேர்த்த வருஷம், எங்கள் வீட்டு நாய் போட்ட குட்டி ஒன்று அவள் கையைக் கீறியது. இரண்டு மாதக் குட்டி, அரிசி மாதிரி பல். குட்டி மறுநாள் செத்துப்போனது. மழையில் நனைந்தது என்று நினைத்தோம். ஊரில் எந்த நாய் கடித்தாலும் ஊசிக்குப் போ என்று சொல்கிறவன் நான், என் வீட்டில் சொல்லவில்லை. குட்டிதானே என்று விட்டேன். நாற்பத்து மூன்றாம் நாள் சொம்புத் தண்ணீரை வாய்க்கிட்டே கொண்டுபோனாள், தொண்டை இறங்கவில்லை. சொம்பு கை தவறி விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள்.

வரலட்சுமி சுற்றியிருந்த துணியை அவிழ்த்து விரலைப் பார்த்தாள். காயம் கடுகளவு. பிறகு தட்டைக்கூட எடுக்காமல் என்னோடு நடந்தாள். தேவகி விரலுக்குச் சோப்புப் போட்டுத் தேய் என்று பின்னாலேயே ஓடிவந்து, குழாயடியில் நிறுத்தித் தானே தேய்த்துவிட்டாள்.

பத்தரைக்கு முதல் ஊசி.

ஆடி 5, சனி

ரோஸியைப் பிடிக்கப் போனேன். பழைய சுருக்குக் கயிற்றைப் பரணிலிருந்து எடுத்தேன். கட்டிலை நகர்த்தினதும் தெரிந்துவிட்டது. தாடை தொங்கி எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. பின்னங்கால் வரவில்லை. என்னைக் கடிக்கக்கூட அதனால் முடியவில்லை. சாக்கில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், போகும் வழியிலேயே அடங்கிவிட்டது. கம்பவுண்டர் தலையை ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்குப் பட்டணத்துக்கு அனுப்பினார்.

எங்கே பட்டது இதற்கு? வரலட்சுமிக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சித்திரையில் ஒரு தெரு நாய் பின்வாசலில் நுழைந்து ரோஸியின் காதைக் கடித்துவிட்டு ஓடியிருக்கிறது. அன்றைக்கு ஜாக்கி சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. தூக்கம் கெட்டது என்று முதலாளி அதை அடித்தாராம்.

ரோஸியைத் தூக்கினவர்கள், எச்சில் பட்டவர்கள் எல்லாருக்கும் ஊசி என்று சொல்லிவிட்டார்கள். பரந்தாமன் தினமும் மடியில் வைத்திருந்தவன். மாலையில் என் வீட்டுக்கு வந்தான். ஜாக்கிக்கு எட்டாத தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பூ மாதிரி இருந்துச்சி பெரிசு" என்றான்.

ஜாக்கியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"நான்தான் வாங்கியாந்தேன். அக்காவுக்கு எதுனா ஆச்சின்னா..."

"தெனம் போயி ஊசி போட்டுக்க. அவளையும் இஸ்துகினு போ. ஒரு நாளும் வுடாத."

"ஆங்" என்றான்.

ஆடி 6, ஞாயிறு

ஆஸ்பத்திரி வரிசையில் மாமனும் மச்சானும் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வரலட்சுமி பெண்கள் பக்கம். அவள் மட்டும் கத்தவில்லையாம்.

ஆடி 7, திங்கள்

பத்தாவது நாள். ஜாக்கி தின்றது, குடித்தது, காக்காயைத் துரத்தப் பார்த்தது. கம்பவுண்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனாலும் ரோஸி இருந்த வீட்டு நாய் என்பதால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளியே கட்டிவைக்கச் சொன்னார்.

முதலாளி வந்தார். தலையில் அரிசி முனை அளவுக்கு முடி. தெருவிலேயே நின்று, "ஜாக்கி" என்று கூப்பிட்டார். அது எழுந்தது. வாலை ஆட்டவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் வால் மட்டும் இல்லை, உடம்பே ஆடிற்று. சங்கிலி மரத்தில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டது. அவர் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆடி 8, செவ்வாய்

பதினோராவது நாள். யாரும் வரவில்லை. நானும் தடியைத் தேடவில்லை.

ஆடி 17, வியாழன்

வரலட்சுமிக்குப் பதினாலு ஊசியும் முடிந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கம்பவுண்டர் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊசி போட்டாலும் கடித்து மூன்று நாள் கழித்துத்தானே போட்டது? கேட்டேன். "இருக்கட்டும் பெரியவரே, பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணி 2, சனி

பட்டணத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. ரோஸிக்கு இருந்தது அதுதான்.

ஆவணி 13, புதன்

வரலட்சுமியைச் செவ்வாய்க்கிழமை கடித்தது. அன்றிலிருந்து இன்று நாற்பத்து மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தறி ஓடுகிற சத்தத்தில் நான் கூப்பிட்டது கேட்கவில்லை. உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

ஒரு சொம்பு கொண்டுவந்தாள். கையில் வாங்கிக்கொண்டு, "நீயும் ஒரு வாய் குடிம்மா, வெயிலா கீது" என்றேன்.

"எனக்குத் தாகம் இல்ல தாத்தா."

"பரவால்ல, குடி."

உள்ளே போனாள். திரும்பி வர நேரம் ஆன மாதிரி இருந்தது. டம்ளரில் கொண்டுவந்தாள். வாய்க்கிட்டே கொண்டுபோனாள். என் பார்வையைப் பார்த்து நிறுத்தினாள்.

"இன்னா தாத்தா, நாயப் பாக்கற மாதிரி பாக்கற?"

"குடிம்மா."

அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். தொண்டை இரண்டு தடவை ஏறி இறங்கிற்று. முழு டம்ளரும் போயிற்று. காலி டம்ளரைக் கவிழ்த்து எனக்குக் காட்டினாள். அவளுக்கும் நாள் கணக்கு தெரிந்திருக்கிறது.

என் சொம்புத் தண்ணீரை நான் குடிக்க மறந்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் கையில் சொம்பு இருப்பதைப் பார்த்தேன். தேவகி, போயி அந்தச் சொம்பைக் குடுத்துட்டு வா.

புரட்டாசி 20, சனி

ஜாக்கியை அழைத்துக்கொண்டு போனார்கள். இனிமேல் சங்கிலி இல்லை, பின்வாசலை ஆள் உயரத்துக்கு அடைத்துவிட்டார்களாம். பரந்தாமன்தான் வந்தான். வெறுங்கையோடு வந்தான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நாய் முன்னால் போயிற்று.

தேவகி காலையில் பழக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். துடைப்பக் கட்டை இல்லாமல்தான் போனாள்.

அட்சய வருஷம், சித்திரை 9, செவ்வாய்

பழைய நோட்டில் பக்கம் மிச்சம் இருப்பதாகத் தேவகி சொன்னாள். இந்த வருஷமும் ஆகாயத்தில்தான் விசேஷம். வால் நட்சத்திரம் தெரிகிறது என்று மலைப்படியில் ஏறிப் பார்க்கிறார்கள். எனக்கு எண்பத்தொன்று. எதிரே வருகிற ஆளே தெரிவதில்லை, குரலால்தான் கண்டுபிடிக்கிறேன்.

இன்று வந்தது வரலட்சுமியின் குரல். ஜாக்கி போன கார்த்திகையில் தூக்கத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். அந்த வீட்டில் யார் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் தெருமுனையிலிருந்தே ஜாக்கியின் பேரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். போன மாதம் மொட்டை போட்ட முதலாளி பழக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே வந்துவிட்டாராம்.

"எந்த ஜாதி நாய் வளக்கலாம் தாத்தா? உன்னக் கேக்காம வாங்கக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு."

"எது வேணாலும் வளம்மா. பல்லு இல்லாத ஜாதி எதுவும் இல்ல. கட்டிப்போடாத. குட்டியிலயே ஊசி போட்டுடு. கடிச்சா எந்த நாயின்னு பாக்காத, காயத்தப் பாரு."

கோம்பைக் குட்டியே கிடைக்குமா என்று விசாரிப்பதாகச் சொன்னாள். எழுந்திருக்கும்போது தேவகியிடம் தண்ணீர் கேட்டாள். எதிரிலேயே நின்று குடித்தாள். கண் தெரியாவிட்டாலும் தொண்டைச் சத்தம் கேட்டது.

அவள் போன பிறகு வெறிநாய் கடித்த என் கணக்கைத் தேவகியை எழுதச் சொன்னேன். தணிகாசலம் போனார். சின்னப்பன் போனான். டீக்கடை ராஜகோபால் போனார். தாயாரம்மாள் போனாள். ஊசியால் பிழைத்த போஸ்ட்மேன் ராஜமாணிக்கம் எண்பது வயசு வரை இருந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் போனார். பூக்காரி ஜெயம்மாள் போன தை மாதம் போனாள், கடைசி நாள் வரை பூ கட்டினாள்.

ஏழாவது வரலட்சுமி. இருக்கிறாள்.